பிக்கப் வண்டிக்கு எந்த ஆயில் ஃபில்டர்? வடசென்னை ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விடியுமுன் காசிமேட்டில் மீன் ஏற்றுபவர்கள், செங்குன்றத்திலிருந்து அரிசி மூட்டை கொண்டுவருபவர்கள், சவுகார்பேட்டைக்குள் நுழைந்துவிட்டு வெளியே வரத் திண்டாடுபவர்கள், மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி லோடு அடிப்பவர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் ஸ்பேர்ஸ் கடைக்கு வரும் பிக்கப் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். கவுன்டரில் கூட்டத்துக்கு நடுவே அரைகுறையாகச் சொல்லும் பதில்களை இங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப், இன்ட்ரா, சூப்பர் கேரி எதுவானாலும் அடிப்படை ஒன்றே.

"குட்டி யானைக்கு ஒரு ஆயில் ஃபில்டர் குடுங்க" என்று கேட்டால் போதாதா?

போதாது. டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அன்றைய 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் வண்டியும் குட்டி யானைதான். பிறகு வந்த பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளும் நம் ஊரில் குட்டி யானைதான். பெயர் ஒன்று, இன்ஜின் வேறு வேறு. 2011-இல் வந்த தோஸ்துக்கும் இதே கதை. போதாக்குறைக்கு 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஒரே பெயரில் ஓடிய பல வண்டிகளில் இன்ஜினோ அதைச் சுற்றியுள்ள பாகங்களோ மாறின.

அதனால் கடைக்கு வரும்போது ஆர்சியை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தயாரித்த மாதம், வருடம், இன்ஜின் நம்பர், எரிபொருள் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து கேட்லாக்கில் பார்ட் நம்பர் பார்த்துத் தருவதுதான் சரியான வழி. பழைய ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுவந்து "இதே மாதிரி" என்று கேட்பவர்கள் உண்டு. உதவும்தான். ஆனால் போன தடவை மாட்டியவர் தப்பானதை மாட்டியிருந்தால் அதே தப்பு இன்னொரு சர்வீஸுக்கும் நீளும். பழைய ஃபில்டரும் ஆர்சியும் சேர்ந்து ஒரே நம்பரைச் சொன்னால் நிம்மதி.

இன்னொன்று. வெறும் "ஃபில்டர்" என்று கேட்காதீர்கள். டீசல் ஃபில்டரும் பார்க்க டப்பா மாதிரிதான் இருக்கும். அது எரிபொருளுக்கு; நாம் பேசுவது இன்ஜின் ஆயிலுக்கு.

மரை ஏறினால் எந்த ஃபில்டரும் ஓடும் என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா?

எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் வாக்கியம் இதுதான். ஒரே மரை அளவில் நூற்றுக்கணக்கான ஃபில்டர்கள் இருக்கின்றன. 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் புரியிடைவெளி உள்ள மரையை எடுத்துக்கொள்ளுங்கள். கார், வேன், பிக்கப் என்று எத்தனையோ வண்டிகளில் அந்த மரைதான். முக்கால் அங்குல மரையும் அப்படியே. மரை ஏறுவது முதல் தகுதி மட்டுமே. அதற்கு மேல் பார்க்கவேண்டியவை உள்ளே இருக்கின்றன.

முதலில் ரப்பர் வாஷர். அது இன்ஜின் பக்கத்து இருக்கையில் சரியாக உட்கார வேண்டும். விட்டம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒரு ஓரம் பள்ளத்தில் தொங்கும். காலையில் கசியாது. பகலில் ஆயில் சூடாகி, எண்ணூர் நெடுஞ்சாலையில் லோடோடு அழுத்தி ஓட்டும்போது அழுத்தம் கூடி, அந்த ஓரத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சில நிமிடத்தில் சம்பு, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, காலி.

அடுத்தது பைபாஸ் வால்வு. ஃபில்டர் தாள் அடைத்துப்போனால், அல்லது ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால், ஆயில் தாளைத் தாண்டிப் போக ஒரு மாற்று வழி வேண்டும். சில இன்ஜின்களில் அந்த வால்வு இன்ஜினிலேயே, ஃபில்டர் உட்காரும் இருக்கையில் இருக்கிறது. வேறு சிலவற்றில் ஃபில்டருக்குள் இருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள்: இன்ஜினிலும் வால்வு இல்லை, மாட்டிய ஃபில்டரிலும் இல்லை. தாள் அடைக்கும் நாளில் ஆயிலுக்குப் போக வழியே கிடையாது. ஒன்று தாள் நொறுங்கி அதன் துண்டுகள் பேரிங்குக்குப் போகும், இல்லை பேரிங் காய்ந்து போகும். இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டப்பா நன்றாகத்தான் பளபளக்கும்.

வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பதும் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சீக்கிரம் திறக்கும் வால்வு என்றால் ஆயிலில் பெரும்பகுதி வடிகட்டாமலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் கவுன்டரில் கையில் பிடித்துப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். பார்ட் நம்பர் என்பது இத்தனை விஷயத்தையும் சேர்த்துக் கட்டிய ஒரு முடிச்சு. அதை விட்டுவிட்டு மரையைப் பிடித்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

பைபாஸ் திறந்தால் அழுக்கு ஆயில்தானே இன்ஜினுக்குப் போகும்? அது எப்படி நல்லது?

நல்லது இல்லை, குறைந்த கெடுதல். அழுக்கு ஆயிலோடு இன்ஜின் கொஞ்ச காலம் தேயும். ஆயிலே இல்லாவிட்டால் சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். அந்த வால்வு அவசரத்துக்கு. நேரத்துக்கு ஃபில்டர் மாற்றினால் அது திறக்கவேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கட கட என்று சத்தம் வந்து அடங்குகிறது. ஃபில்டரா காரணம்?

இருக்கலாம். வண்டியை நிறுத்தியதும் ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் மறுபடி சம்புக்கு இறங்கிவிடாமல் தடுக்க ஒரு ரப்பர் தடுப்பு உள்ளே இருக்கும். அது விறைத்துப்போனால் ராத்திரி முழுக்க ஆயில் வடிந்துவிடும். காலையில் பம்பு முதலில் காலி ஃபில்டரை நிரப்ப வேண்டும், அப்புறம்தான் மேலே ஆயில் ஏறும். அந்த இடைவெளிதான் அந்தச் சத்தம்.

படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டும் ஃபில்டர்களில் இந்தத் தடுப்பு ரொம்ப முக்கியம். வாய் மேலே பார்த்து நிற்கும் ஃபில்டரில் ஆயில் தானாகவே தங்கிவிடும் என்பதால் அவ்வளவு வேலை இல்லை. தடுப்பு சாதாரண நைட்ரைல் ரப்பரிலும் செய்வார்கள், சிலிகானிலும் செய்வார்கள். சூட்டில் நைட்ரைல் சீக்கிரம் இறுகும், சிலிகான் நெகிழ்வாகவே இருக்கும். சிலிகான் பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் வரும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்புச் சாயம் மலிவானது.

ஃபில்டர் மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால் ஆயிலின் தடிமன், செயின் டென்ஷனர், பேரிங் என்று வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பிராண்டை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

கம்பெனி ஃபில்டரா, வெளி பிராண்டா?

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி ஃபில்டர், பில்லோடு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இன்ஜின் ஏதாவது ஆகி நீங்கள் போய் நிற்கும்போது முதலில் கேட்பது சர்வீஸ் பில்லைத்தான்.

வாரண்டி முடிந்த வண்டிக்கு நல்ல வெளி பிராண்டுகள் தாராளமாகப் போடலாம். பாஷ், புரோலேட்டர், மான், ஃப்ளீட்கார்ட், எலோஃபிக் எல்லாம் ஃபில்டர் செய்வதையே பெரிய தொழிலாக வைத்திருப்பவர்கள். வண்டிக் கம்பெனிகள் தங்கள் பெயர் அச்சிட்டு விற்கும் ஃபில்டரையும் பெரும்பாலும் இப்படிப்பட்ட தயாரிப்பாளர்களிடமிருந்துதான் வாங்குகின்றன. ஆனால் அதே ஆலையில் செய்தது என்பதால் உள்ளே எல்லாம் அதேதான் என்று நினைக்க வேண்டாம். வண்டிக் கம்பெனி கேட்ட தாளும் வால்வும் ஒன்றாக இருக்கலாம், கடைக்கு வருவது இன்னொன்றாக இருக்கலாம். அதனால் பிராண்டின் பெயரைவிட அவர்கள் கேட்லாக்கில் உங்கள் வண்டியின் மாடலும் வருடமும் பெயரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயரே கேள்விப்படாத, வெள்ளை டப்பாவில் வரும் ஃபில்டர்? எங்கள் கடையிலும் கேட்பார்கள். வைப்பதில்லை.

"20 மைக்ரான் ஃபில்டர்" என்று போட்டிருக்கிறது. குறைந்த மைக்ரான் என்றால் நல்லதா?

மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காசிமேட்டு ஆட்களுக்கு வலையை வைத்துச் சொன்னால் புரியும். வலைக் கண் எத்தனை விரல் என்று மட்டும் சொன்னால் போதாது. அந்த அளவு மீன் நூறு வந்தால் எத்தனை மாட்டும், எத்தனை நழுவும் என்றும் தெரிய வேண்டும். கண்ணை ரொம்பச் சின்னதாக வைத்தால் பாசியும் சேறும் அடைத்து இழுக்கவே முடியாது.

ஃபில்டரும் அப்படித்தான். 20 மைக்ரான் துகளில் பாதியைப் பிடிக்கும் தாளையும் "20 மைக்ரான்" என்று அச்சிடலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பிடிப்பதையும் அப்படியே அச்சிடலாம். முறையாகச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு தரநிலை இருக்கிறது. நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் விவரத்தாளில் எந்த அளவுக்கு எத்தனை சதவீதம் என்று சேர்த்துச் சொல்வார்கள். சதவீதம் இல்லாமல் மைக்ரான் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தால் அது விளம்பரம்.

தாளிலும் வகை உண்டு. சாதாரண செல்லுலோஸ், அதோடு செயற்கை இழை கலந்தது, முழுக்கச் செயற்கை இழை. கடைசி வகை நுண்ணிய துகளையும் பிடிக்கும், ஆயிலையும் தடையில்லாமல் விடும், விலையும் கூடும். வண்டிக் கம்பெனி சொன்ன இடைவெளியைவிடச் சீக்கிரமே மாற்றிவிடும் ஆளுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?

வண்டியோடு வந்த கையேட்டில் ஒரு எண் இருக்கும். அதன் பக்கத்திலேயே, பலர் படிக்காத சின்ன எழுத்தில், கடினமான பயன்பாட்டுக்கு அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி இருக்கும். தூசி, அதிக நேரம் இன்ஜின் ஓடியபடி நிற்பது, குறுந்தூர ஓட்டம், முழு லோடு. வடசென்னையில் பிக்கப் ஓட்டுகிறவருக்கு இந்த நாலும் ஒரே நாளில் கிடைக்கும். கையேட்டில் உள்ள பெரிய எண் நம் ஊருக்கு எழுதப்பட்டது அல்ல என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நம்மவர்கள் சரியாகக் கணக்கில் எடுக்காதது நிற்கும் நேரம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் பக்கம் வரிசை கட்டினால் நடுவில் மாட்டிய பிக்கப்பும் நிற்க வேண்டியதுதான். மூலக்கடையில் நிற்கிறது, வள்ளலார் நகரில் நிற்கிறது, பேசின் பாலத்தில் நிற்கிறது. மீட்டர் நகரவில்லை, இன்ஜின் மட்டும் ஓடுகிறது. வெளிநாட்டு வண்டிக் கம்பெனிகள் சில, ஒரு மணி நேரம் இப்படி நிற்பதை ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுகின்றன. தினமும் இரண்டு மணி நேரம் இப்படி நின்றால் மாதத்துக்கு இருபத்தைந்து வேலை நாளில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் மீட்டரில் ஏறாமலேயே ஆயில் உழைத்திருக்கிறது.

தேய்மானம் மட்டும் இல்லை. டீசல் இன்ஜின் ஐடிலில் நிற்கும்போது உள்ளே சூடு போதாது. டீசல் முழுசாக எரியாமல் கொஞ்சம் பிஸ்டன் ரிங் ஓரமாக இறங்கி ஆயிலோடு கலக்கும். கரி அதிகம் சேரும். எரிவதால் உண்டாகும் நீராவியும் வெளியே போகாமல் ஆயிலில் தங்கும். நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக ஓடும் வண்டியின் ஆயில் பத்தாயிரத்திலும் ஓரளவு நன்றாக இருக்கும்போது, ஊருக்குள் சுற்றும் வண்டியின் ஆயில் பாதியிலேயே சோர்ந்துபோவது இதனால்தான்.

அப்புறம் காற்று. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், மணலி சாலையில் லாரி கிளப்பும் மண். இது ஆயில் ஃபில்டருக்கு நேராகப் போவதில்லை. ஏர் ஃபில்டர் சரியில்லாவிட்டால் இன்ஜினுக்குள் போய், அங்கிருந்து ஆயிலுக்கு வரும். மண் துகளைப் போல இன்ஜினைத் தேய்ப்பது வேறு இல்லை. ஆகவே ஆயில் ஃபில்டருக்கு நல்லது செய்ய நினைத்தால் முதலில் ஏர் ஃபில்டரையும் அதன் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கடைசியில் எண்ணாக என்ன சொல்வது என்றால், கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கு என்று தனி எண் இருந்தால் அதுதான் உங்களுடையது. தனி எண் இல்லை என்றால் சாதாரண எண்ணில் பாதியில் மாற்றுங்கள். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

ஆயிலை மட்டும் இப்போது மாற்றிவிட்டு, ஃபில்டரை அடுத்த தடவை மாற்றலாமா?

வேண்டாம். பழைய ஃபில்டருக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கியிருக்கும்; புது ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் அது கலந்துவிடும். ஃபில்டர் சில நூறு ரூபாய். அதன் மேல் ஊற்றும் ஆயிலின் விலையைப் பாருங்கள்.

புது ஃபில்டர் போட்டு நாலு நாளில் ஆயில் கறுத்துவிட்டது. ஃபில்டர் டூப்ளிகேட்டா?

டீசல் வண்டியில் அப்படித்தான் ஆகும். கரித் துகள் ஒரு மைக்ரானைவிடச் சின்னது. எந்தச் சாதாரண ஆயில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது; பிடித்தால் ஒரு வாரத்தில் அடைத்துவிடும். கரியைக் கட்டியாகச் சேரவிடாமல் ஆயிலிலேயே மிதக்கவிடுவது ஆயிலில் கலந்திருக்கும் மருந்தின் வேலை. ஃபில்டர் பிடிப்பது உலோகத் துகள், மண், கட்டியாகச் சேர்ந்த கசடு. நிறத்தைப் பார்த்து ஃபில்டரைக் குறை சொல்ல முடியாது.

நிறத்தைவிட அளவைக் கவனியுங்கள். பிஎஸ்6 வண்டியில் சைலன்சர் பக்கம் டிபிஎஃப் என்ற கரிவடிகட்டி இருந்தால், அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசல் தெளிக்கும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்று நின்று, டீசல் ஆயிலில் சேரும். ஆயில் குச்சியில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். உடனே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். டிபிஎஃப் உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். பழைய வண்டிக்கு வாங்கி மிச்சம் வைத்த கேனை அதில் ஊற்றுவது, சரியான ஃபில்டர் போட்டும் காசை வீணாக்குவது.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறும் கண்ணால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாலோகிராம் ஸ்டிக்கரையே அச்சடிக்கிறார்கள். ஆனால் சந்தேகப்பட இடம் தரும் அடையாளங்கள் உண்டு.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி அது கட்டாயம். பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் அச்சிட்ட நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். வாயைத் திருப்பி உள்ளே பாருங்கள்: மரையில் பிசிறு, ஓரத்தில் உலோகச் சுருள், வாஷர் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாமல் ஆட்டம். இதில் ஒன்று இருந்தாலும் வாங்காதீர்கள். மாதிரிக்கு ஒரிஜினல் கையில் இருந்தால் எடையை ஒப்பிடுங்கள். போலியில் முதலில் குறைப்பது உள்ளே இருக்கும் தாளைத்தான்.

க்யூஆர் குறியீடு இருந்தால் ஸ்கேன் செய்யலாம். அது எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு நம்புங்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் தரத் தயங்கும் கடையில் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாமல் அங்கேயும் பேச்சு நிற்காது.

ஒரிஜினலாகவே இருந்தாலும் நாலைந்து வருடம் அலமாரியில் கிடந்த சரக்கு வேண்டாம். உள்ளே ரப்பர் இறுகியிருக்கும். புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் நல்லதாகவே கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் வாங்கலாம். ஃபில்டர் அங்கே தேடும் பொருள் இல்லை.

பெட்டிக்குள் வெறும் தாள் மட்டும் வருகிறது. டப்பா எங்கே?

அது தனித்தாள் வகை. டப்பா இன்ஜினிலேயே நிரந்தரமாக இருக்கும். மூடியைத் திறந்து தாளை மட்டும் மாற்றுவார்கள். அதோடு வரும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் கட்டாயம் மாற்ற வேண்டும். அவசரத்தில் பழையதையே போட்டு மூடினால் கசியும். மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினால் மூடி வெடிக்கும்.

டீசலில் கழுவி மறுபடி போடலாமா?

கூடாது. தாளைக் கட்டிய பிசின் இளகும், மடிப்பு பிரியும், உள்ளே சிக்கிய உலோகத் துகள் சுத்தமான பக்கத்துக்குப் போகும்.

கொஞ்சம் பெரிய ஃபில்டர் போட்டால் அதிக நாள் வருமா?

சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே நீளமான மாற்று நம்பர் ஒன்றைச் சொல்லியிருப்பார். அப்படி இருந்தால் போடலாம். நாமாக அளவு பார்த்துப் போட்டால், டப்பா சேஸிஸில் உரசலாம், கீழே தொங்கி மணலி சாலைக் குழியில் கல் அடிக்கலாம். ஆயிலின் மருந்து தீர்ந்துபோகும் வேகம் ஃபில்டரின் நீளத்தால் குறையப்போவதும் இல்லை. காந்தம் வைத்த டிரெயின் போல்ட்டைப் பற்றியும் கேட்பார்கள். கெடுதல் இல்லை, இரும்புத் துகளைப் பிடிக்கும். பேரிங்கிலிருந்து வரும் செம்பும் அலுமினியமும் அதில் ஒட்டாது.

மழைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. ஃபில்டரும் மாற்ற வேண்டுமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு வடசென்னைப் பட்டறைகளில் இந்தக் கேள்வி இல்லாத நாளே இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு மழைக்கும் இப்போதும் வருகிறது.

முதல் விஷயம், ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் ஃபில்டரைப் பற்றிப் பேச வேலை இருக்காது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீரில் ஃபில்டர் தாள் ஊறி உப்பி, ஆயிலை விடாது. ஆகவே ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்ற வேண்டும். சிலிண்டரிலும் ஏர் குழாயிலும் தண்ணீர் இல்லை என்று மெக்கானிக் உறுதி செய்த பிறகு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி ஒருமுறை இரண்டையும் மாற்ற வேண்டும். முதல் தடவையில் எல்லாத் தண்ணீரும் வெளியே வராது. முதல் சுற்றுக்கு அதே தரத்தில் விலை குறைந்த ஆயில் போதும்; ஃபில்டர் நம்பரில் மட்டும் சமரசம் வேண்டாம்.

தண்ணீரில் இறங்காத வண்டியிலும் ஆயில் இப்படி வெளுத்தால் ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ விட்டிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாகக் க்ரீம் போலப் படிந்திருந்தால் பெரும்பாலும் குறுந்தூர ஓட்டத்தின் ஈரம்தான்.

மீன் வண்டி ஓட்டுகிறேன். ஃபில்டர் டப்பா துருப்பிடிக்கிறதே?

துறைமுகத்துக்குள் தேங்கிக் கிடக்கும் உப்பும் ஐஸ் தண்ணீரும் சக்கரம் தெறித்து மேலே வரும். டப்பா மெல்லிய தகடு. மேற்பூச்சு உரிந்த இடத்தில் துரு ஆரம்பித்தால் ஊசித்துளை விழ நாளாகாது. வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவச் சொல்லுங்கள். ஆயில் மாற்ற இன்னும் நாள் இருந்தாலும், விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிரும் டப்பாவை விட்டுவைக்காதீர்கள். கடையில் வாங்கும்போது பூச்சில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றவர்களைவிட உங்களுக்கு முக்கியம்.

நானே மாட்டிக்கொள்ளலாமா?

தாராளமாக. பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வாஷர் அதோடு வந்ததா என்று பாருங்கள். சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேல் புதிய ஃபில்டரை ஏற்றினால் இரண்டு வாஷர் ஆகி, ஓட்டத்தில் பிய்த்துக்கொள்ளும். ஃபில்டர் மாற்றிய அன்றே ஆயில் முழுக்கக் கொட்டியது என்று வரும் புகார்களில் இது வழக்கமான காரணம்.

இருக்கையை நூல் உதிராத துணியால் துடைத்து, புதிய வாஷரில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். வாய் மேலே பார்க்கும் ஃபில்டர் என்றால் கொஞ்சம் ஆயில் ஊற்றி மாட்டலாம். சுற்றியுள்ள சின்ன ஓட்டைகள் வழியாக ஊற்ற வேண்டும். நடு ஓட்டை வடிகட்டிய ஆயில் வெளியேறும் பக்கம், கேனில் இருந்த தூசி நேராக உள்ளே போகும். வாஷர் இருக்கையைத் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி. கழற்றத்தான் ஃபில்டர் ஸ்பானர், இறுக்குவதற்கு அல்ல.

ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஆயில் விளக்கு சில விநாடியில் அணைகிறதா என்று பாருங்கள். அணையவில்லை என்றால் உடனே ஆஃப். அணைந்தால் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, கீழே குனிந்து ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து ஆயில் குச்சியில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். கிலோமீட்டரையும் தேதியையும் டப்பா மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

பழைய ஃபில்டரையும் ஆயிலையும் என்ன செய்வது?

ஃபில்டரை ஒரு பழைய கேன் மேல் கவிழ்த்து ராத்திரி முழுக்க வடியவிடுங்கள். வடிந்ததையும் சம்பு ஆயிலையும் மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்க அனுமதி பெற்றவருக்கு அதைத் தரும் பட்டறையில் கொடுங்கள். வடிந்த டப்பாவையும் அங்கேயே விட்டுவிடலாம். பழைய இன்ஜின் ஆயில் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. ஓட்டேரி நல்லாவிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ ஊற்றினால் அது கடைசியில் எண்ணூர் கழிமுகத்துக்கோ கடலுக்கோதான் போகும். 2023 வெள்ளத்தில் எண்ணெய் படிந்த வலைகளோடு அங்கே மீனவர்கள் எத்தனை நாள் தொழில் இல்லாமல் இருந்தார்கள் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லேத்து பட்டறைக்காரர் செயினுக்குத் தடவக் கேட்டால் கொடுக்கலாமா என்றால், அவரிடமும் கொடுக்காதீர்கள். அவர் தடவியது போக மிச்சம் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.